புது வேலையில் காய்ச்சல் வந்தால்



சில வாரங்களுக்கு முன் ஒரு மாலை, டிஸ்பென்சரியைப் பூட்டப் போகும் நேரத்தில் நம் லயத்து அம்மா ஒருவர் கையில் கடிதத்தோடு வந்தார். "டிரெசர் ஐயா, பையனை வேலையை விட்டு நிறுத்திட்டாங்கய்யா. காய்ச்சல்ல கிடந்தது ஒரு குத்தமா?" என்று கேட்டுக் கண் கலங்கினார்.

கடிதத்தை வாங்கிப் படித்தேன். மூன்று வேலை நாட்கள் அனுமதி இல்லாமல் வராத காரணத்தால், தகுதிகாண் காலத்தில் இருக்கும் அவனை நீக்குவதாக எழுதியிருந்தது. தேதியைப் பார்த்தேன். 71 நாள் ஆகியிருந்தது. பையன் வெட்கப்பட்டு அதைத் துணிப்பெட்டிக்குள் மறைத்து வைத்திருந்தானாம். கடிதத்தை விட அந்தத் தேதிதான் என்னை அதிகம் வருத்தியது. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

இந்த விஷயத்தில் என் பிழையும் ஒன்று உண்டு. அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

பையனுக்கு வயது இருபது. அப்பா செம்பனையில் குலை வெட்டுகிறவர். டவுன் பக்கம் ஒரு தொழிற்சாலையில் பையனுக்கு வேலை கிடைத்தது. மூன்றாவது மாதம் வரை ஒரு நாள் கூட லீவு போடவில்லை. ஒரு வியாழக்கிழமை விடியற்காலையில் கடும் காய்ச்சல். கண்ணுக்குப் பின்னால் வலி, உடம்பெல்லாம் முறித்துப் போட்ட மாதிரி. மாலையில் என்னிடம் வந்தான். டெங்கியாக இருக்கலாம் என்று சந்தேகப்பட்டேன். பாராசிட்டமால் கொடுத்து, "நாளைக்குக் காலையில கிளினிக் கெசிஹாத்தான் போய் இரத்தம் சோதிச்சிடு தம்பி" என்றேன். மூன்று நாள் ஓய்வு தேவை என்று ஒரு சீட்டும் எழ்திக் கொடுத்தேன்.

அந்தச் சீட்டுதான் வினையாகிவிட்டது. "ஐயா கொடுத்த சீட்டுதான் இருக்கே" என்று பையன் கிளினிக்குக்குப் போகவில்லை. அதே தொழிற்சாலையில் வேலை செய்யும் பக்கத்து வீட்டுப் பையனிடம் "சூப்பர்வைசர்கிட்ட சொல்லிடு" என்று சொல்லி அனுப்பினார்கள். அவன் வேறு ஷிப்டு, சொல்ல மறந்துவிட்டான். ஞாயிற்றுக்கிழமை காய்ச்சல் இறங்கியது. ஆனால் வயிற்று வலியும் வாந்தியும் நிற்கவில்லை. இரவோடு இரவாகப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். டெங்கிதான். புதன்கிழமை வீடு திரும்பினான்.

ஆஸ்பத்திரிச் சான்று ஞாயிறு முதல்தான் இருந்தது. வியாழன், வெள்ளி, சனி மூன்று நாளுக்கும் என் சீட்டு மட்டுமே. தோட்டத்துக்குள் அது செல்லும். பெரட்டில் கிராணி ஏற்றுக்கொள்வார். வெளி வேலைக்குச் சட்டம் கேட்பது பதிவு பெற்ற டாக்டர் அல்லது அரசாங்க மருத்துவ அதிகாரியின் சான்று. அதை அன்றைக்கே அவனிடம் நான் சொல்லியிருக்க வேண்டும். பல வருடமாக எழுதிப் பழகிய கை, யோசிக்காமல் எழுதிவிட்டது.

சட்டம் என்ன சொல்கிறது?

"புரோபேஷன்ல இருக்கறவனுக்கு எம்.சி. கிடையாது" என்று பலர் நினைக்கிறார்கள். இது தவறு. தீபகற்ப மலேசியாவில் 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 60எஃப் பிரிவுப்படி, இரண்டு வருடத்துக்குக் குறைவாக வேலை செய்தவருக்கும் வருடத்துக்கு 14 நாள் சம்பளத்தோடு நோய் விடுப்பு உண்டு. இத்தனை மாதம் முடிந்த பிறகுதான் என்ற நிபந்தனை அதில் இல்லை. ஆஸ்பத்திரியில் தங்க நேர்ந்தால் 60 நாள் வரை உண்டு. 2023 முதல் இந்த 60 நாளும் அந்த 14 நாளும் தனித்தனிக் கணக்கு.

ஆனால் உரிமையோடு கடமையும் இருக்கிறது. நோய் விடுப்பு தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் முதலாளிக்குத் தெரிவிக்க வேண்டும், அல்லது தெரிவிக்க முயன்றிருக்க வேண்டும். டாக்டர் சான்று இல்லாவிட்டாலும், சான்று இருந்தும் தெரிவிக்காவிட்டாலும், அனுமதியின்றி வராததாகவே கருதப்படும். தொடர்ந்து இரண்டு வேலை நாளுக்கு மேல் அப்படி வராமல் இருந்தால், ஒப்பந்தத்தை நாமே முறித்ததாக முதலாளி சொல்ல இடம் உண்டு. நம் பையன் மாட்டிக்கொண்டது இங்கேதான்.

ஆகவே புது வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன்:

முதல் நாளே கம்பெனியின் பேனல் கிளினிக் எது, யாருக்கு, எந்த நம்பருக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்று கேட்டு எழுதி வையுங்கள். கம்பெனி டாக்டர் இருந்தால் அவரிடம் போங்கள். அந்தச் செலவு முதலாளியுடையது. நேரத்துக்கு அவர் கிடைக்காவிட்டால் வேறு பதிவு பெற்ற டாக்டரோ அரசாங்க மருத்துவரோ போதும்.

வாய்ச்சொல்லாக ஆள் மூலம் சொல்லி அனுப்பாதீர்கள். நீங்களே வாட்ஸாப்பில் எழுதி, எம்.சி.யைப் படம் எடுத்து அனுப்புங்கள். அந்தச் செய்தியை அழிக்காதீர்கள். அசல் எம்.சி.யைக் கொடுப்பதற்கு முன் ஒரு நகல் வீட்டில் இருக்கட்டும்.

கிளினிக்கில் கொடுக்கும் 'டைம் சிலிப்' எம்.சி. ஆகாது. அங்கே வந்து போன நேரத்துக்கு மட்டும்தான் அது சாட்சி.

வேலை முக்கியம், உயிர் அதை விட முக்கியம்

வேலை போய்விடுமே என்று காய்ச்சலோடு மெஷின் முன்னால் நிற்கிறவர்களும் உண்டு. டெங்கியில் காய்ச்சல் இறங்கும் நேரம்தான் ஆபத்தான நேரம். பெரும்பாலும் மூன்றாம் நாள் முதல் ஏழாம் நாளுக்குள் அது வரும். "சூடு விட்டுடுச்சு, வேலைக்குப் போறேன்" என்று கிளம்பாதீர்கள். கடும் வயிற்று வலி, ஓயாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ இரத்தம், மிகுந்த சோர்வு — இவற்றில் ஒன்று கண்டாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும், அதுவும் சொன்ன அளவில். ஆஸ்பிரின், புரூஃபென் போன்ற வலி மாத்திரைகள் இரத்தக் கசிவை அதிகமாக்கும். கடையில் வாங்கி விழுங்க வேண்டாம்.

அந்த 71 நாள்

நியாயமின்றி வேலை நீக்கம் செய்யப்பட்டதாகக் கருதுபவர், 1967-ஆம் ஆண்டு தொழில் உறவுச் சட்டத்தின் 20-ஆவது பிரிவின் கீழ் தொழில் உறவு இலாகாவில் எழுத்து மூலம் முறையிடலாம். தகுதிகாண் காலத்தில் இருப்பவரையும் தக்க காரணம் இல்லாமல் நீக்கக்கூடாது. தகுதிகாண் தொழிலாளிக்கு 12 மாதம் வரை பின்சம்பளம் வழங்க அந்தச் சட்டமே இடம் தருகிறது. ஆனால் நீக்கிய நாளிலிருந்து 60 நாளுக்குள் முறையிட வேண்டும். பிந்தினால் கதவு அடைத்ததுதான். அந்த அம்மா வந்தபோது 11 நாள் கடந்திருந்தது. ஆஸ்பத்திரிச் சான்றும் என் சாட்சியமும் இருந்தும், ஜெயித்திருப்போமா தோற்றிருப்போமா என்று பார்க்கக்கூட வழியில்லை.

பெற்றோர்களே, பிள்ளை வேலை இழந்து வந்தால் முதலில் திட்டாதீர்கள். "கடிதம் கொடுத்தாங்களா? என்ன தேதி?" என்று கேளுங்கள். அன்றைக்கே நம் சங்கக் கிளைச் செயலாளரிடம் காட்டுங்கள். வேறு தொழிலாக இருந்தாலும் எங்கே போக வேண்டும், எப்படி எழுத வேண்டும் என்று வழி சொல்வார்.

பையன் இப்போது வேறொரு இடத்தில் சேர்ந்திருக்கிறான். மறுபடியும் மூன்று மாதத் தகுதிகாண் காலம். பேனல் கிளினிக்கின் பெயரை எழுதிப் பர்ஸில் வைத்திருப்பதாக அந்த அம்மா சொன்னார். நானும் என் மேசைக்கு மேலே ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன்: "வெளியில் வேலை செய்கிறவர்கள் முதலில் சொல்லுங்கள்." அப்படிச் சொல்கிறவருக்கு மருந்து கொடுப்பேன், சீட்டு எழுத மாட்டேன். டாக்டரிடம்தான் அனுப்புவேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.