பி.டி.ஓ. கிளட்ச் வழுக்கும்போது

காரைக்குடியை அடுத்த கோவிலூர், கொற்றவாளீசுவரர் ஆலயத்தாலும் வேதாந்த மடத்தாலும் பெயர்பெற்ற தலம். அதைச் சூழ்ந்த சிவகங்கைச் சீமையோ, மழையையும் கண்மாயையும் நம்பி விளையும் வானம் பார்த்த பூமி. வடகிழக்குப் பருவமழை இறங்குமுன் புழுதி ஓட்டி நெல் விதைத்துவிட வேண்டும் என்னும் அவசரத்தில், காய்ந்து இறுகிய தரையையும் அதனுள் பரவிக் கிடக்கும் சீமைக்கருவேல வேர்களையும் ரோட்டவேட்டர் கொண்டு கிளறுகிற இத்தகைய பிரதேசத்தில், டிராக்டரின் அங்கங்களுள் மிகுந்த சிரமத்துக்கு உள்ளாவனவற்றில் ஒன்று பி.டி.ஓ. கிளட்ச். அது வழுக்கத் தொடங்கிவிட்டால், இன்ஜின் முழக்கம் குறையாமல் இருக்க, ரோட்டவேட்டரின் கத்திகள் மாத்திரம் மண்ணில் தயங்கித் தயங்கி நிற்கும். கருகல் நாற்றமும் எழும்.

இன்ஜினில் பிறக்கும் சக்தியைச் சக்கரங்களுக்கு அனுப்புவதோடு நில்லாமல், வண்டியின் பின்புறத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் சுழல்தண்டு ஒன்றின் மூலம் கதிரடிக்கும் இயந்திரம், பம்பு, ரோட்டவேட்டர் ஆகியவற்றுக்கும் ஈந்தளிக்கும் ஏற்பாட்டையே பவர் டேக்-ஆஃப், சுருக்கமாகப் பி.டி.ஓ., என்கிறோம். 1918-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் கம்பெனி இதை வியாபார ரீதியில் டிராக்டரில் அமைத்து விற்றது. ஒரு கம்பெனியின் கருவி மற்றொரு கம்பெனியின் வண்டியில் பொருந்தவேண்டும் என்ற நோக்கத்தோடு பின்னர் வகுக்கப்பட்ட நியமத்தின்படி, 1⅜ அங்குல விட்டமும் 6 ஸ்பிளைன்களும் கொண்டு நிமிஷத்துக்கு 540 சுற்றுச் சுழலும் தண்டே இன்றளவும் நம் வயல்களில் சாதாரணமாகக் காணப்படுவது. ஆதியில் இத்தண்டுக்கும் சக்கரங்களுக்கும் ஒரே கிளட்ச்தான் இருந்தது; ஆகவே வண்டியை நிறுத்தினால் கருவியும் நின்றுபோயிற்று. இக்குறையைத் தீர்க்க வந்த வழிகளில் ஒன்று இரட்டைக் கிளட்ச். 1960-இல் சென்னையில் மாஸ்ஸி பெர்குஸன் கூட்டுறவோடு தோன்றிய டாஃபே நிறுவனத்தின் 1035 முதலிய வண்டிகளில் நம்மவர் நன்கு பழகிய அமைப்பு அது: பெடலைப் பாதி மிதித்தால் சக்கரங்களுக்குச் செல்லும் சக்தி அறும், முழுதும் மிதித்தால் பி.டி.ஓ.வும் நிற்கும். ஒன்றினுள் ஒன்றாகச் செல்லும் இரு தண்டுகளும், அவற்றுக்கு உரிய இரு பிளேட்டுகளும் இதன் உள்ளமைப்பு.

கிளட்ச் என்பது உராய்வை நம்பி இயங்கும் சாதனம். ஸ்பிரிங்குகள் பிளேட்டை எவ்வளவு விசையோடு நெரிக்கின்றன, பிளேட்டின் முகத்தில் பதித்த லைனிங்கின் மேற்பரப்பு எவ்வளவு பற்றுள்ளது, பிளேட்டின் ஆரம் எவ்வளவு என்னும் மூன்றின் பெருக்கமே அது தாங்கக்கூடிய முறுக்குவிசையை நிர்ணயிக்கிறது. 35 குதிரைத்திறன் 540 சுற்று வேகத்தில் வெளிப்படும்போது, ஒரு மீட்டர் நீளக் கழியின் நுனியில் 47 கிலோ எடையைத் தொங்கவிட்டாற்போன்ற முறுக்கு அத்தண்டில் நிலைபெறுகிறது. ஆரம் மாறாது, எஞ்சிய இரண்டில் ஏதேனும் ஒன்று தளர்ந்தாலன்றி, உரிய பாரத்தில் கிளட்ச் வழுக்காது. புதுப் பிளேட் போட்டும் ஒரே பருவத்தில் கோளாறு திரும்பிவிட்டது என்று வருந்துகிறவர்கள், பெரும்பாலும் தேய்ந்துபோன பொருளை மாற்றிவிட்டுத் தேயச் செய்த காரணத்தை உள்ளேயே விட்டு மூடியவர்கள்.

எனவே, வண்டியைப் பிரிக்குமுன் செய்யவேண்டிய பரிசோதனையே பிரதானம். முதலாவதாக, வழுக்குவது கிளட்ச்தானா என்று அறியவேண்டும். பாரம் ஏறும்போது இன்ஜினின் வேகமும் சேர்ந்து தாழ்ந்தால், குற்றம் டீசல் ஃபில்டரிலோ, காற்று ஃபில்டரிலோ, இன்ஜினின் பலவீனத்திலோ இருக்கலாம். இன்ஜின் வேகம் நிலைத்திருக்கத் தண்டு மாத்திரம் தாழ்ந்தாலே வழுக்கல் எனலாம். இரண்டுக்கும் இடையே பற்சக்கரங்கள் இருப்பதால் விகிதம் மாறாதது. 540 சுற்றுக்கு உரிய குறியில் இன்ஜின் மீட்டர் நிற்கையில், தண்டின்மேல் ஒட்டிய பளபளப்புத் துண்டை எட்டி நின்று டாக்கோமீட்டரால் அளந்து 480 என்று கண்டால், நூற்றுக்குப் பதினொரு பங்கு வீணாகிறது என்று பொருள். முழுப் பாரத்தில் ஏறக்குறைய 3 கிலோவாட் சக்தி, வேறெங்கும் போகாமல், அந்த ஒரு பிளேட்டின் முகத்திலேயே உஷ்ணமாக மாறிக்கொண்டிருக்கிறது! அடுத்தபடியாக, சில ரோட்டவேட்டர்களுக்குத் தனியே ஸ்லிப் கிளட்ச் உண்டு, அதன் தகடுகளுக்குக் குறுக்கே சாக்குக்கட்டியால் ஒரு கோடு இழுத்துவிட்டுச் சற்று நேரம் ஓட்டிப் பார்த்தால், கோடு விலகியிருப்பின் குற்றவாளி அதுவே, டிராக்டரைத் தொடவேண்டியதில்லை.

இப்பரிசோதனைகளில் ஓர் எச்சரிக்கையை அழுத்திச் சொல்லியாக வேண்டும். 540 சுற்று என்பது விநாடிக்கு 9 சுற்று; வெறுந்தண்டே விநாடிக்கு ஒரு மீட்டர் துணியைச் சுற்றி இழுத்துவிடும்; அதனினும் பருத்த மூட்டுகள் இன்னும் வேகமாக இழுக்கும். வேட்டி, துண்டு, முந்தானை எதுவாயினும், கை உணருமுன் உடலை இழுத்துக்கொள்ளும். கோடு இழுப்பதும் தொட்டுப் பார்ப்பதும் இன்ஜினை நிறுத்திச் சாவியைக் கையில் எடுத்த பின்னரே. டிராக்டரையும் கருவியையும் இணைக்கும் கார்டன் தண்டின் பிளாஸ்டிக் உறையைத் தொந்தரவு என்று கழற்றி எறிந்துவிடும் வழக்கத்தை நான் வன்மையாகக் கண்டிக்கிறேன்.

வழுக்கல் கிளட்சில்தான் என்று தெளிந்த பிறகு, இரட்டைக் கிளட்சின் அமைப்பே நமக்கு ஓர் உபயோகமான குறிப்பைத் தருகிறது. பெடலில் ஃப்ரீ பிளே என்னும் வெற்றசைவு இல்லாமல், பிளேட்டை விடுவிக்கும் நெம்புகளாகிய ஃபிங்கர்களை ரிலீஸ் பேரிங் ஓயாது அழுத்திக்கொண்டிருந்தால், முதலில் தளர்வது சக்கர ஓட்டத்தின் பிடிப்பே, ஏனெனில் பெடலின் முற்பாதி அதற்கு உரியது. ஆகையால் வண்டி மேட்டில் நன்றாக இழுத்து, பி.டி.ஓ. மாத்திரம் வழுக்குமானால், பெடலைத் திருகித் திருகிப் பார்ப்பதில் பயன் சொற்பம், பி.டி.ஓ. பிளேட்டின் தேய்வையோ, அதன் ஸ்பிரிங்கின் தளர்ச்சியையோ, ஃபிங்கர்களின் அமைப்பையோ சந்தேகிக்க வேண்டும். இரண்டும் வழுக்கினால் ஃப்ரீ பிளேயைச் சரிபார்த்து, கிளட்ச் ஹவுசிங்கின் அடியிலுள்ள வடிதுளையில் விரல் வைத்துப் பாருங்கள். அங்கே கறுத்த எண்ணெய் கசிந்தால் கிராங்க் தண்டின் பின் ஆயில் சீல் போயிற்று. வெளிறிய எண்ணெய் கசிந்தால் கியர்பாக்ஸின் முன் சீல். எந்தச் சீல் என்று அறியாமல் பிளேட்டை மாற்றுவது வீண் செலவு.

பிரிப்பது என்றால் இன்ஜினையும் கியர்பாக்ஸையும் இரண்டாகப் பிரிப்பதே. முன் அச்சு நடுவில் ஆடும்படி அமைந்தது; ஆதலால் அதன் இருபுறமும் மர ஆப்பு அடித்து இறுக்காமல் போல்ட்டுகளைக் கழற்றினால், முன்பாதி பக்கவாட்டில் சாய்ந்து ஆளை நசுக்கிவிடும். பாட்டரி இணைப்பை நீக்குதலும், சமதரையில் உறுதியான தாங்கிகளை வைத்தலும் அத்துணை அவசியம். பழைய லைனிங்குகளில் கல்நார் இருக்கக்கூடும்; அத்தூசியைக் காற்றுக் குழாயால் ஊதாமல் ஈரத்துணியால் துடைத்தெடுக்க வேண்டும்.

திறந்தபின் காணும் முகங்கள் கதையைத் தாமே சொல்லும். ரிவிட்டுத் தலை உரசிய கோடுகள் தேய்வைக் காட்டும். நீலம் பாய்ந்த புள்ளிகளும் மயிரிழைப் பிளவுகளும் உஷ்ணத்தின் முத்திரை. கண்ணாடிபோல் பளபளக்கும் லைனிங் பற்றை இழந்தது. எண்ணெய் ஊறிய லைனிங்கைப் பெட்ரோலில் கழுவி மீண்டும் மாட்டும் சிக்கனம் உதவாது. சூடேறியதும் உள்ளூறிய எண்ணெய் வெளியே வரும். பிளைவீலின் முகத்தை லேத்தில் சமன் செய்து, உஷ்ணத்தால் வலுக்குன்றிய ஸ்பிரிங்குகளை ஒன்றிரண்டாக அன்றி ஒருசேர மாற்றி, இரு ஆயில் சீல்களையும் பைலட் பேரிங்கையும் அதே சந்தர்ப்பத்தில் புதுப்பித்துவிடுவதே விவேகம். அவற்றின் விலையைக் காட்டிலும் மறுபடி பிரிக்கும் கூலி பெரிது. டம்மி தண்டு செருகிப் பிளேட்டுகளை மையத்தில் நிறுத்தி, கவரின் போல்ட்டுகளை எதிரெதிராகச் சிறிது சிறிதாக இறுக்கி, ஃபிங்கர்கள் யாவும் ஒரே உயரத்தில் நிற்கும்படி கேஜ் வைத்துத் திருத்தவேண்டும். ஒரு ஃபிங்கர் உயர்ந்திருந்தாலும் பிளேட் ஒருபுறமாகத் தேயும்.

இதற்கு நேர்மாறான வியாதியும் உண்டு: மாதக்கணக்கில் கொட்டகையில் நிற்கும் வண்டியில் ஈரத்தால் துரு ஏறி, பிளேட் பிளைவீலோடு ஒட்டி, விடுபட மறுப்பது. உலோகங்களைத் துரு தின்பதை ஆராயும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், அழகப்பச் செட்டியாரின் 300 ஏக்கர் நிலக்கொடையில் எழுந்து 1953 முதல் காரைக்குடியிலேயே இயங்கி வருவதை இங்கே நினைக்கிறேன். இத்துருவுக்கு விவசாயியின் கையிலுள்ள தடுப்பு மிக எளியது. நெடுநாள் நிறுத்தும்போது பெடலை முழுதும் மிதித்து ஒரு மரக்கட்டையால் அப்படியே தாங்கவைத்துவிட்டால் பிளேட் ஒட்டாது.

புதுப் பிளேட் பொருத்திய வண்டியை உடனே இறுகிய மேட்டு நிலத்தில் ஆழமாக இறக்கக்கூடாது. ரோட்டவேட்டரைத் தூக்கிய நிலையில், இன்ஜினின் குறைந்த வேகத்தில் பி.டி.ஓ.வைச் சேர்த்து, பின்னர் மெல்ல வேகம் ஏற்றி, கத்திகளைச் சிறிது சிறிதாக மண்ணில் இறக்குதல் முறை. வேர்கள் செறிந்த இடத்தில் மேலோட்டமாக ஒரு சால், ஆழமாக மறு சால் என்று இருமுறை ஓட்டலாம். சில மணி நேர உழைப்புக்குப்பின் லைனிங் படிந்து ஃபிங்கர்களின் உயரமும் பெடலின் ஃப்ரீ பிளேயும் சற்று மாறும்; அதை மறுபடி அளந்து திருத்திய பிறகே வேலை முடிந்ததாகக் கணக்கு.