சோலார் தகடு வந்தது, செய்முறை வரவில்லை

பருவநிலை மாநாடுகளில் பணத்துக்காவது ஒரு தொகை குறிக்கப்படுகிறது. 2009இல் கோபன்ஹேகனில் ஆண்டுக்கு 10,000 கோடி டாலர் என்றார்கள். 2024இல் பாகுவில், 2035க்குள் ஆண்டுக்கு 30,000 கோடி டாலர் என்றார்கள். தொழில்நுட்பத்துக்கு அப்படி எந்தக் கணக்கும் இல்லை. பணக்கார நாடுகள் அதைப் பகிர வழிசெய்ய வேண்டும் என்றும், ஏழை நாடுகளின் செயல்பாடு அதைப் பொறுத்தே அமையும் என்றும் 1992 பருவநிலை உடன்படிக்கையின் 4ஆவது பிரிவே சொல்கிறது. 2010இல் கான்குன் மாநாடு இதற்கென அமைத்த ஏற்பாட்டிலிருந்து பெரும்பாலும் கிடைப்பது ஆலோசனையும் பயிற்சியும்தான்.

கொடுக்க முடியாததல்ல இது. ஓசோன் படலத்தைக் காக்கும் மான்ட்ரியல் ஒப்பந்தம் 1987இல் உருவானபோது இந்தியாவும் சீனாவும் சேரவில்லை. மாற்று வாயுக்களுக்கு மாறும் செலவை யார் ஏற்பது என்று கேட்டன. 1990இல் லண்டனில் அதற்கென்றே ஒரு நிதி உருவானது. காப்புரிமைச் செலவும் உரிமத் தொகையும் அதிலிருந்து தரத்தக்கவை என்று எழுதியே வைத்தார்கள். பிறகு இரு நாடுகளும் சேர்ந்தன. இன்று அதில் சேராத நாடே இல்லை. அதிலும் குறை உண்டு: மாற்று வாயுவின் செய்முறையைக் கேட்ட இந்திய ஆலைகளிடம் அதை வைத்திருந்த நிறுவனத்தார் எட்டாத விலை சொன்னார்கள், ஏற்றுமதி செய்யக் கூடாது என்றும் நிபந்தனை வைத்தார்கள். எழுதிவைத்த விதி இருந்தும் இந்த நிலை என்றால், அப்படி ஒரு விதியே இல்லாத பருவநிலைப் பேச்சில் என்ன எதிர்பார்ப்பது?

சோலார் தகட்டின் விலையைக் குறைத்தது மாநாடு அல்ல, சந்தைதான் என்பார்கள். உண்மைதான், அந்த மலிவால் நாமும் பயனடைந்தோம். ஆனால் 2022 கணக்குப்படி, தகட்டுத் தயாரிப்பின் ஒவ்வொரு கட்டத்திலும் 80 சதவீதத்துக்கு மேல் சீனாவின் கையில் இருந்தது. அந்தக் கை எப்போது வேண்டுமானாலும் மூடலாம். அரிய மண் தனிமங்களைப் பிரித்தெடுக்கும் நுட்பத்தின் ஏற்றுமதிக்கு 2023 டிசம்பரில் சீனா தடை போட்டது. 2025இல் பேட்டரிக்கான நேர்மின்வாய்ப் பொருளைத் தயாரிக்கும் நுட்பத்துக்கும் கட்டுப்பாடு வந்தது. மேற்கிலும் கதவு திறந்திருக்கவில்லை. உள்நாட்டுத் தகடுகளையே வாங்க வேண்டும் என்று இந்தியா தன் சூரிய மின்திட்டத்தில் விதித்தபோது, அமெரிக்கா உலக வர்த்தக விதிகளைக் காட்டி வழக்குத் தொடுத்தது. 2016இல் நாம் தோற்றோம். செய்முறையைத் தரவும் மாட்டார்கள், நாமே செய்து பழக விதிகளும் இடம்தராது என்றால், நாளைய மின்சாரத்துக்கும் எண்ணெய்க்குக் காத்திருந்ததுபோலவே இன்னொருவர் துறைமுகத்தைப் பார்த்து நிற்க வேண்டியதுதான்.

ஆகவே அடுத்த மாநாட்டில் வளரும் நாடுகள் தொகையைக் கூட்டச் சொல்வதோடு நிற்கக் கூடாது. உரிமத்துக்கும் செய்முறைக்கும் நிதியில் தனிப் பங்கு ஒதுக்கப்பட வேண்டும். 1990இல் லண்டனில் எழுதிய அதே விதியை இங்கேயும் எழுதாமல் கையெழுத்துப் போடக் கூடாது.