எங்கே என்பதற்கு முன் எப்போது: தேனி, கம்பம் பள்ளத்தாக்கின் சந்தைகளும் சமையற் பயிற்சியும்

தேனி மாவட்டத்தில் உழவர் சந்தை எங்கே இருக்கிறது, கம்பம் பள்ளத்தாக்கின் உணவைச் சமைக்கக் கற்றுத்தரும் பள்ளி ஏதேனும் உண்டா, தோட்டத்துப் பொருளை இடைத்தரகர் இன்றி வாங்க வழி என்ன என்னும் மூன்று வினாக்கள் நேயர்களிடமிருந்து ஓயாமல் வந்துகொண்டிருப்பதால், அவற்றுக்குரிய விளக்கம் இக்காணொளியில் தரப்படுகிறது. மூன்றுமே இடத்தைக் கேட்கும் வினாக்கள். ஆனால் இப்பள்ளத்தாக்கைப் பொறுத்தவரை, "எங்கே" என்று கேட்பவரைவிட "எப்போது" என்று கேட்கத் தெரிந்தவருக்கே நல்ல பொருள் வாய்க்கிறது. இக்கருத்து இடையிடையே மீண்டும் தலைகாட்டும். நேயர்கள் பொறுத்தருள வேண்டும்.

தேனிக்கு எப்படி வருவது, கம்பம் எத்திசையில் இருக்கிறது என்பன எல்லோரும் அறிந்தவையே ஆதலால் அவை இங்கு விடப்படுகின்றன. ஒன்றை மட்டும் சொல்லியாக வேண்டும். கைப்பேசி வரைபடத்தில் ஆங்கில எழுத்தில் கம்பத்தைத் தேடுவோருக்கு ஆந்திரத்திலுள்ள அதே பெயருடைய ஊரும் அதன் பேரேரியும் முன்வந்து நிற்பதுண்டு. பன்னீர் திராட்சையைத் தேடி அங்கே போய் இறங்குவோர் ஏரியைப் பார்த்துவிட்டுத் திரும்பலாம்.

இவ்வினாக்கள் பெருகியதற்கு அயர்லாந்தின் சமையல் பள்ளிகளைக் காட்டும் காணொளிகளும் ஒரு காரணமாக இருக்கக்கூடும். அந்நாட்டின் கார்க் பகுதியில், ஷானகாரி என்னும் சிற்றூரில், 1983இல் டரீனா ஆலன் தொடங்கிய பாலிமலூ சமையல் பள்ளி, நூறு ஏக்கர் இயற்கை வேளாண் பண்ணையின் நடுவே அமைந்தது; அங்கு 12 வாரச் சான்றிதழ்ப் படிப்பில் சேரும் மாணவர், அடுப்பில் சட்டியை வைக்கும் முன்பே அதில் வேகப்போகும் காய் எந்த மண்ணில் முளைத்தது என்பதை அறிந்துகொள்கிறார். டரீனாவின் மாமியார் மர்டில் ஆலன் 1964இல் தம் பண்ணை வீட்டையே உணவகமாக்கியதிலிருந்து வளர்ந்த மரபு அது. அருகிலுள்ள மிடில்டன் நகரில் 2000இல் தொடங்கப்பட்ட உழவர் சந்தையும் அக்குடும்பத்தின் முயற்சியில் விளைந்ததே. அச்சந்தை கூடுவது சனிக்கிழமை காலையில்தான் என்பதைக் காணொளியில் பார்த்து வியப்போர் கவனிப்பதில்லை. ஞாயிறன்று போகிறவருக்கு அயர்லாந்திலும் வெறும் தெருவே காட்சி தரும்.

இனி உழவர் சந்தை. விவசாயி தன் விளைச்சலைத் தானே நுகர்வோரிடம் விற்பதற்காக அரசு அமைத்துத் தரும் இடமே உழவர் சந்தை எனப்படும். பஞ்சாப், அரியானாப் பகுதிகளின் அப்னி மண்டி, 1999 தொடக்கத்தில் ஆந்திரத்தில் தோன்றிய ரைத்து பஜார் ஆகியவற்றை அடுத்து, அதே ஆண்டு நவம்பர் 14ஆம் நாள் மதுரை அண்ணா நகரில் தமிழகத்தின் முதல் உழவர் சந்தை திறக்கப்பட்டது. இத்திட்டம் 2001இல் ஆட்சி மாறியதும் களையிழந்து, 2006க்குப் பின் மீண்டும் உயிர்பெற்றது. தேனி மாவட்டத்தில் தேனி, கம்பம், போடிநாயக்கனூர், சின்னமனூர் உள்ளிட்ட ஊர்களில் இச்சந்தைகள் இயங்குகின்றன. நிலத்துக்குரிய சிட்டா, அதில் நிற்கும் பயிரைக் காட்டும் அடங்கல் ஆகியவற்றைச் சரிபார்த்து, புகைப்படத்துடன் கூடிய அடையாள அட்டை விவசாயிக்கு வழங்கப்படுகிறது. கடைக்கு வாடகை கிடையாது, தராசும் சந்தையிலேயே தரப்படுகிறது.

[திரையில்: சந்தை வாயிலில் உள்ள விலைப்பலகை]

விலையை விவசாயி தன் விருப்பப்படி வைப்பதில்லை, வாங்குபவரும் வைப்பதில்லை. மொத்த விற்பனை விலையைவிட ஏறத்தாழ 20 விழுக்காடு கூடுதலாகவும், வெளிக்கடைச் சில்லறை விலையைவிட ஏறத்தாழ 15 விழுக்காடு குறைவாகவும் இருக்குமாறு அதிகாரிகள் அன்றாடம் கணக்கிட்டுப் பலகையில் எழுதுகின்றனர். இருவருக்கும் ஆதாயம் தரும் வகையில் எழுதப்பட்ட அந்த விலையிலும் இரண்டு ரூபாய் குறைக்கச் சொல்லி, கத்தரிக்காயை நகத்தால் கீறிப் பார்க்கும் வழக்கம் சிலரிடம் இருக்கிறது. பேரம் பேசும் கலையைக் காட்டுவதற்கு ஊரில் வேறு இடங்கள் உண்டு.

இச்சந்தை விடியும் முன்பே களைகட்டி, வெயில் ஏறும்போது கலைந்துவிடும் இயல்புடையது. முந்தைய மாலையில் பறித்த வெண்டையும், பனி காயாத கீரைக்கட்டும் முதல் பேருந்துகளில் வந்து இறங்குகின்றன. காலை உணவை முடித்துக்கொண்டு ஒன்பது, பத்து மணிக்குப் பையோடு வருபவர் மிஞ்சியதை வாங்கிக்கொண்டு "உழவர் சந்தையில் சரக்கு சரியில்லை" என்று பழி சொல்வது எவ்வகையிலும் நியாயமன்று. இங்கும் வினா எப்போது என்பதே.

உழவர் சந்தைப் பொருள் எல்லாம் இயற்கை விளைச்சல் என்றொரு நம்பிக்கை அண்மையில் வலுத்து வருகிறது. அது பிழையானது. அடையாள அட்டை காட்டுவது விற்பவர் விவசாயி என்பதை மட்டுமே. அவர் வயலில் எந்த உரம் இட்டார், எந்த மருந்து அடித்தார் என்பதை அது காட்டாது. இயற்கை விளைச்சலுக்கு அங்ககச் சான்று என்னும் தனிச்சான்று தேவை. தமிழ்நாட்டில் அதை வழங்குவதற்கென்று அரசின் விதைச்சான்று மற்றும் அங்ககச்சான்றுத் துறை இருக்கிறது. வாரச்சந்தையையும் உழவர் சந்தையையும் ஒன்றாகக் கருதும் குழப்பமும் உண்டு. வாரத்தில் ஒரு நாள் கூடும் வாரச்சந்தையில் வியாபாரி, விவசாயி என்ற வேறுபாடு இல்லை. அரிவாள்மனை முதல் கருவாடு வரை எல்லாம் வரும், எந்த ஊருக்கு எந்தக் கிழமை என்பதைப் பேருந்து நடத்துநரே வரைபடத்தைவிடத் தெளிவாகச் சொல்வார்.

பள்ளத்தாக்கின் சிறப்புப் பொருள்களோ பெரும்பாலும் இவ்விரண்டுக்கும் வெளியே இருக்கின்றன. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சையை எடுத்துக்கொள்ளலாம். புவிசார் குறியீடு என்பது, ஒரு பொருளின் தரத்துக்கு அது விளையும் மண்ணே காரணம் என்று ஏற்று, அம்மண்ணின் பொருளுக்கு மட்டும் அப்பெயரைச் சட்டப்படி உரிமையாக்குவதாகும். மஸ்கட் ஹாம்பர்க் என்று தோட்டக்கலையாளர் அழைக்கும் இந்தக் கருநீலப் பழம் விதையுள்ளது, புளிப்புக் கலந்த இனிப்புடையது, பறித்தபின் நெடுநாள் தாங்காதது. அதனால்தான் தொலைதூரக் கடைகளில் விதையில்லாத வடநாட்டுப் பழம் பளபளப்பாக அமர்ந்திருக்க, இது பக்கத்து மாவட்டங்களோடு பெரும்பாலும் நின்றுவிடுகிறது. மகாராட்டிரத்தில் கோடையை ஒட்டி ஒரே பருவம் என்றால், இங்கு கவாத்தை, அதாவது காய்த்த கிளைகளை வெட்டிக் கொடியைப் புதிதாகத் தளிர்க்கவிடும் பணியை, தோட்டத்துக்குத் தோட்டம் வெவ்வேறு காலத்தில் செய்வதால் ஆண்டு முழுவதும் எங்கேனும் ஒரு பந்தலில் பழம் தொங்கும். சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி, கூடலூர், ராயப்பன்பட்டி ஆகிய ஊர்களில் அப்பந்தல்களைக் காணலாம். சுருளி அருவிக்குப் போகும் வழியில் தோட்டத்து வாசலிலேயே வாங்கவும் முடியும். ஆனால் அருவிச்சாலையில் விற்பதெல்லாம் அன்று பறித்தது என்று கொள்ளக் கூடாது. எப்போது வெட்டினார்கள் என்று கேட்டு, காம்பு பச்சையாக இருக்கிறதா என்று பார்த்து வாங்குவதே முறை.

பெரியகுளத்தை அடுத்த வடுகபட்டியில் கூடும் பூண்டுச் சந்தை, கொடைக்கானல் மலைப்பூண்டு இறங்கிவரும் முதன்மையான வாயில்களில் ஒன்று. கவிஞர் வைரமுத்துவின் ஊர் என்பதால் வடுகபட்டியை அறிந்தவர் பலர், பூண்டுக்காக அறிந்தவர் சமையற்கட்டுக்காரர். போடியிலோ ஏலக்காய். நறுமணப் பொருள் வாரியத்தின் மேற்பார்வையில் நடக்கும் மின்னணு ஏலத்தில் உரிமம் பெற்ற வணிகரே கலந்துகொள்ள இயலுமாதலால், கால் கிலோ வேண்டி ஏலக்கூடத்து வாசலில் நிற்பதில் பயனில்லை. காயைப் பருமன் வாரியாகச் சலித்து விற்கும் கடைவீதிக் கடைகளே பொதுமக்களுக்கு உரியவை. ஆடி, ஆவணியில் தொடங்கித் தை, மாசி வரை காயெடுப்பு நீளும். புதுப்புளி மாசி, பங்குனியில் வருவதால் ஆண்டுக்குரிய புளியை அப்போதே வாங்கிக் கொட்டை நீக்கி, உப்பிட்டுப் பானையில் அடைக்கும் வீடுகள் இன்றும் உள்ளன. பெரியகுளத்து மாம்பழம் சித்திரைக்குப் பின். பெரியகுளம் ஆராய்ச்சி நிலையம் 1989இல் வெளியிட்ட பி.கே.எம். 1 என்னும் செடிமுருங்கை நாடெங்கும் பரவிவிட்டாலும், மார்கழிப் பனியில் முருங்கைக்காய் அரிதாகி விலை ஏறுவதை அதனாலும் தடுக்க முடியவில்லை. ஆவணியில் ஓணம் வந்தால் பள்ளத்தாக்கின் காய்கறி குமுளி வழியாகவும் கம்பமெட்டு வழியாகவும் கேரளத்துக்கு ஏறிவிடும். அந்த வாரத்தில் உள்ளூர்க்காரர் அவியல் செய்ய ஆசைப்படுவது செலவுள்ள ஆசை.

இவை அனைத்துக்கும் அடியில் இருப்பது தண்ணீர் என்பதால் அதைப் பற்றியும் சில சொற்கள். மேற்கே ஓடி அரபிக்கடலில் கலந்துகொண்டிருந்த பெரியாற்று நீரை மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கிழக்கே திருப்பிய முல்லைப்பெரியாறு அணை, பொறியாளர் ஜான் பென்னிகுவிக்கின் பொறுப்பில் கட்டப்பட்டு 1895இல் பயன்பாட்டுக்கு வந்தது. லோயர்கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கரில் இருபோக நெல் விளைவது அந்நீரால்தான். அணையில் போதிய நீர் இருப்பின் ஜூன் மாதத் தொடக்கத்தில் முதல் போகத்துக்குத் திறக்கப்படுகிறது. பென்னிகுவிக் பிறந்த ஜனவரி 15 தைப்பொங்கலை ஒட்டி வருவதால், பாலார்பட்டி போன்ற ஊர்களில் அவர் படத்தை வைத்தே பொங்கல் வைக்கின்றனர். வெள்ளைக்காரப் பொறியாளருக்குச் சர்க்கரைப் பொங்கல் படைக்கும் காட்சியை இந்தியாவில் வேறெங்கும் எளிதில் காண இயலாது. அவர் பெயரைப் பிள்ளைகளுக்குச் சூட்டியோரும் உளர். அணையின் நீர்மட்டம் பற்றிய இரு மாநில வழக்கு தனிக் காணொளிக்குரியது. அது கிடக்க, புதுநெல் எப்போது அறுவடையாகும் என்பதை அறிய அணை திறந்த நாளைக் குறித்து வைத்துக்கொள்வது பயன் தரும் என்பதே இங்கு சொல்ல வந்தது. மீண்டும் எப்போதுதான்.

நேரம் குறைந்துவிட்டமையால் சமையற் பயிற்சி விரைவாகச் சொல்லப்படுகிறது. பண்ணை, அடுப்பு, வகுப்பு மூன்றும் பாலிமலூவில் ஒரே கூரையின்கீழ் இருப்பதுபோல் இங்கு இல்லை. பல இடங்களில் பிரிந்து கிடக்கின்றன. கல்யாண வீட்டுச் சமையலைக் கற்க விரும்புவோர் சமையல் மாஸ்டர் ஒருவரின் குழுவில் சேர்ந்து, காய் நறுக்குவதில் தொடங்கி அடுப்படிக்கு உயர்வதே வழி. உத்தமபாளையம், கம்பம் இராவுத்தர் வீடுகளின் பிரியாணிப் பக்குவமும் அப்படித்தான் கைமாறுகிறது, அதற்கு முகூர்த்த மாதங்களில் போனால் வேலையும் உண்டு, பாடமும் உண்டு. காமாட்சிபுரத்திலுள்ள சென்டெக்ட் வேளாண் அறிவியல் மையம், விளைபொருளைப் பதப்படுத்தி மதிப்புக் கூட்டும் பயிற்சிகளை நடத்துகிறது. மதிப்புக் கூட்டுதல் என்பது திராட்சையைப் பழரசமாகவும் முருங்கைக்கீரையைப் பொடியாகவும் மாற்றி விற்பதைக் குறிக்கும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியிலும், மதுரையிலுள்ள அதன் சமுதாய அறிவியல் கல்லூரியிலும் இவை பற்றி விசாரிக்கலாம். தொழிலாகத் தொடங்க எண்ணும் ஊரகத்தினருக்குத் தேனியிலுள்ள கனரா வங்கியின் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையம் கட்டணமின்றிப் பயிற்சி தருகிறது. முறையான பட்டயம், பட்டம் வேண்டுவோர் திருச்சி துவாக்குடியிலுள்ள அரசு உணவக மேலாண்மை நிறுவனத்தையோ, சென்னை தரமணி நிறுவனத்தையோ நாட வேண்டும். இவற்றுள் பெரும்பாலானவை ஆண்டு முழுவதும் வகுப்பு நடத்துவதில்லை. இடம் கண்டுபிடித்து நேரே போய் நிற்பதைவிட, அடுத்த அணி எப்போது தொடங்குகிறது என்று தொலைபேசியில் கேட்டுப் பெயரைப் பதிந்துவிட்டு, ஆதார் நகலும் புகைப்படமும் எடுத்துச் செல்வது ஒரு வீண் பயணத்தைத் தவிர்க்கும்.

கற்றுக்கொண்டு ஊறுகாயோ வடகமோ விற்கத் தொடங்குவோர், அளவு எவ்வளவு சிறிதாயினும், உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்து, பொட்டலத்தின் மேல் பதிவு எண்ணையும் தயாரித்த நாளையும் அச்சிட வேண்டும். மகளிர் சுயஉதவிக் குழுவில் உள்ளோர் தங்கள் பொருளை "மதி" என்னும் அரசு வணிகப் பெயரில் விற்கும் வாய்ப்பைப் பற்றி மாவட்ட மகளிர் திட்ட அலுவலகத்தில் கேட்டறியலாம்.