ஐம்பத்தைந்து புள்ளிகள் சொல்லாதவை

2009 நவம்பர் 14ஆம் திகதி, அமெரிக்காவின் என்.பி.ஏ. கூடைப்பந்துத் தொடரில் மில்வோக்கி பக்ஸ் அணியும் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் அணியும் மோதின. மில்வோக்கி அணியின் பிரெண்டன் ஜெனிங்ஸுக்கு அப்போது வயது 20. அது அவருடைய ஏழாவது போட்டி மட்டுமே. முதற் காற்பகுதியில் ஒரு புள்ளிகூட எடுக்காத அவர், ஆட்டம் முடியும்போது 55 புள்ளிகளைக் குவித்திருந்தார். எதிரணியிலும் அதே வருடம் சேர்ந்த ஒரு புதியவர் இருந்தார். மெலிந்த உடல்வாகு கொண்ட அவருடைய பெயர் ஸ்டெபன் கர்ரி.

ஜெனிங்ஸ் அதன் பிறகு எந்தப் போட்டியிலும் 55 புள்ளிகளை எட்டவில்லை. கர்ரியோ 2015இலும் 2016இலும் தொடரின் மிகச் சிறந்த ஆட்டக்காரராகத் தெரிவானார். அப்படியானால், ஒரு புதியவரின் தாக்குதல் ஆற்றல் எவ்வளவு தூரம் வளரும் என்பதை முதல் வருடத்திலேயே கணிக்க முடியுமா? ஓரளவு முடியும். ஆனால் நாம் வழக்கமாகப் பார்க்கும் இடத்தில் அதற்கான விடை இருப்பதில்லை.

முதலில், ‘கார்ட்’ என்பவர் யார்? கூடைப்பந்தாட்டத்தில் ஓர் அணிக்கு ஐவர். அவர்களில் பந்தைத் தட்டிக்கொண்டு முன்னே செல்பவர், ஆட்டத்தை ஒழுங்குபடுத்துபவர், தூரத்திலிருந்து எறிபவர் கார்ட். நமது பாடசாலைகளில் வலைப்பந்தாட்டம் ஆடும் தோழியருக்கு இப்படிச் சொன்னால் விளங்கும்: சென்டர் செய்யும் வேலையும் கோல் அட்டாக் செய்யும் வேலையும் ஒருவரிடமே சேர்ந்தால் அவர்தான் கார்ட். பொறுப்பு இரண்டு என்பதால் அவரை ஓர் எண்ணால் மட்டும் அளக்க முடியாது.

அந்த வருடத்தின் சிறந்த புதியவருக்கான விருதைப் பெற்றவர் கர்ரியும் அல்ல, ஜெனிங்ஸும் அல்ல. சக்ரமெண்டோ கிங்ஸ் அணியின் டைரீக் எவன்ஸ் என்ற இன்னொரு கார்ட் அதைப் பெற்றார். ஒரு போட்டிக்குச் சராசரியாக 20.1 புள்ளிகளும், 5க்கு மேற்பட்ட ரீபவுண்டுகளும், 5க்கு மேற்பட்ட அசிஸ்டுகளும் அவர் எடுத்தார். அதற்கு முன்னர் முதல் வருடத்திலேயே அப்படிச் செய்தவர்கள் ஒஸ்கார் ராபர்ட்சன், மைக்கல் ஜோர்டன், லெப்ரோன் ஜேம்ஸ் ஆகிய மூவர் மட்டுமே. கர்ரியின் சராசரி 17.5, ஜெனிங்ஸின் சராசரி 15.5. புள்ளிகளை மட்டும் பார்த்தால் எவன்ஸ் முதலிடம். அந்த வருட ஆட்டத்துக்கு அந்த விருது பொருத்தமானதே. ஆனால் ‘இந்த வருடம் யார் சிறந்தவர்?’ என்பதும் ‘இனி யார் வளருவார்?’ என்பதும் இரு வேறு கேள்விகள்.

இரண்டாவது கேள்விக்கு விடை தேட, புள்ளிகளை எத்தனை முயற்சியில் எடுத்தார் என்று பார்க்க வேண்டும். உயர்தரம் படிக்கும் நமக்கு இது புதிதல்ல. பெற்ற புள்ளியை அப்படியே ஒப்பிடாமல், பாடத்தின் சராசரியையும் பரம்பலையும் சேர்த்துப் பார்ப்பதற்காகத்தானே இசட் புள்ளி கணிக்கிறார்கள்? 55 புள்ளிகள் எடுத்த இரவில் ஜெனிங்ஸ் 34 எறிதல்களில் 21ஐக் கூடைக்குள் போட்டார். அது அற்புதமான ஆட்டம். ஆனால் வருடம் முழுவதையும் சேர்த்தால், அவர் எறிந்த 100 பந்துகளில் 37 மட்டுமே உள்ளே விழுந்தன. கர்ரிக்கும் எவன்ஸுக்கும் அது 46 அளவில் இருந்தது. ஓர் இரவு ஒருவரால் எந்த உயரத்தைத் தொட முடியும் என்பதைக் காட்டும். அவர் வழமையாக எங்கே நிற்கிறார் என்பதை முழு வருடம்தான் காட்டும்.

அடுத்தது தூரம். என்.பி.ஏ. மைதானத்தில் மூன்று புள்ளிக் கோடு கூடையின் நேரெதிரே 23 அடி 9 அங்குலத் தொலைவில் உள்ளது. அதற்கு வெளியிலிருந்து எறிந்தால் மூன்று புள்ளிகள், உள்ளிருந்து எறிந்தால் இரண்டு. பத்து எறிதல்களில் உள்ளிருந்து ஐந்தைப் போடுபவருக்கு 10 புள்ளிகள். வெளியிலிருந்து நான்கை மட்டும் போடுபவருக்கு 12 புள்ளிகள். குறைவாகப் போட்டவரே கூடுதலாகப் பெறுகிறார்! முதல் வருடத்தில் கர்ரி இப்படி 166 தடவை மூன்று புள்ளிகள் எடுத்தார். அதுவரை எந்தப் புதியவரும் அந்த எண்ணிக்கையைத் தொட்டதில்லை. அவருடைய வெற்றி வீதம் 43.7. எவன்ஸின் வீதம் 25.5 மட்டுமே. எவன்ஸ் தமது உயரத்தாலும் பலத்தாலும் கூடையை நோக்கி ஊடுருவிச் சென்று புள்ளி எடுத்தார். அது பெரிய திறமைதான். ஆனாலும் தூரத்திலிருந்து அடிக்கத் தயங்குபவரை, எதிரணி சற்றுப் பின்வாங்கி நின்று வழிமறிக்கலாம். தூரத்திலிருந்தும் அடிப்பவரை அப்படி விட்டுவைக்க முடியாது. அவரை நெருங்கிவந்தால் உள்ளே வழி திறக்கிறது.

மூன்றாவது அளவுகோலைப் பார்வையாளர் அதிகம் கவனிப்பதில்லை. எதிரணி தவறிழைத்தால் கிடைக்கும் ‘பிரீ த்ரோ’ அது. 15 அடி தூரத்தில் தனியே நின்று எறிய வேண்டும். தடுப்பவர் இல்லை, ஓட்டமும் இல்லை. ஆகவே கையின் பதம் எத்தகையது என்பது அங்கே ஒளிவின்றித் தெரியும். நல்ல பதமுள்ள கை, காலப்போக்கில் மற்ற எறிதல்களிலும் முன்னேறும் வாய்ப்பு அதிகம். எவன்ஸின் வீதம் 74.8, ஜெனிங்ஸின் வீதம் 81.7, கர்ரியின் வீதம் 88.5.

நான்காவது, பந்தைப் பறிகொடுப்பது. இதைத் தவறு என்று மட்டும் எண்ணுகிறோம். கெயிட்லின் கிளார்க் என்ற கார்ட் 2024இல் டபிள்யூ.என்.பி.ஏ. மகளிர் தொடரில் ஆடிய முதல் போட்டியில் 20 புள்ளிகள் எடுத்தார், பந்தை 10 தடவை பறிகொடுத்தார். அந்த வருட முடிவில் அசிஸ்ட் 337, பறிகொடுத்தது 223. இரண்டுமே அப்போது அத்தொடரின் சாதனை எண்ணிக்கைகளாக இருந்தன! காரணம் ஒன்றே. மற்றவர் காணாத இடைவெளியைக் கண்டு அவர் பந்தை அனுப்பினார். சில தடவை அது தோழியின் கையில் சேர்ந்தது, சில தடவை எதிரணியிடம் போனது. காலில் பட்டுப் பந்து உருண்டோடுவதும், துணிந்து அனுப்பிய பந்து தவறுவதும் ஒன்றல்ல. முதலாவது கவனக்குறைவு. இரண்டாவது, பழகப் பழகச் சீராகக்கூடிய பார்வை.

ஐந்தாவது, மாற்றம். கர்ரியின் முதல் போட்டியில் 14 புள்ளிகளும் 7 அசிஸ்டுகளும். அதே பருவத்தின் கடைசிப் போட்டியில் 42 புள்ளிகளும் 8 அசிஸ்டுகளும். சராசரி என்பது முதல் நாளையும் கடைசி நாளையும் ஒன்றாகக் கலந்துவிடுகிறது. புதியவரைப் பொறுத்தவரை அவர் எங்கே நிற்கிறார் என்பதைவிட எந்தத் திசையில் நடக்கிறார் என்பது முக்கியம்.

இவை எல்லாம் சேர்ந்தும் எதிர்காலத்தை உறுதியாகச் சொல்லிவிடா. வயது குறைந்தவரே கூடுதலாக வளர்வார் என்பது பொதுவான கணிப்பு. இம்மூவரில் வயது கூடியவர் கர்ரிதான். உடல் நலமும் நம் கணக்கில் அடங்காது. ஜெனிங்ஸ் 2015இல் குதிக்கால் நாண் அறுந்து பெரும் பின்னடைவைச் சந்தித்தார். கணுக்கால் காயங்களால் கர்ரியும் 2011–12 பருவத்தில் 26 போட்டிகளில்தான் ஆடினார். காயத்தின் பின் அவரைக் கைவிட்டிருந்தால், 2015–16 பருவத்தில் அவர் எடுத்த 402 மூன்று புள்ளி எறிதல்களை உலகம் கண்டிராது.

இந்த அளவுகோல்கள் அனைத்துக்கும் முன்னால் ஒரு நிபந்தனை இருக்கிறது. ஆடுவதற்கு இடம் கிடைக்க வேண்டும். 1891இல் கூடைப்பந்தாட்டம் பிறந்த ஸ்பிரிங்ஃபீல்ட் நகரைச் சேர்ந்தவர் பில்கிஸ் அப்துல் காதிர். அவரும் ஒரு கார்ட். ஹிஜாப் அணிந்து ஆடிய முஸ்லிம் பெண். பாடசாலைக் காலத்தில் 3,070 புள்ளிகள் எடுத்தார். மசசூசெட்ஸ் மாநிலப் பாடசாலைகளில் ஆணோ பெண்ணோ அதுவரை எவரும் எட்டாத தொகை அது. பல்கலைக்கழக அணிகளிலும் ஆடிவிட்டு, 2014இல் வெளிநாட்டுக் கழகம் ஒன்றில் தொழில்முறையாக ஆட விரும்பினார். சர்வதேசக் கூடைப்பந்துச் சம்மேளனத்தின் விதி தலையை மறைத்து ஆடுவதை அனுமதிக்கவில்லை. அவரும் மற்றவர்களும் எழுப்பிய குரலின் பின், 2017இல் அந்த விதி மாற்றப்பட்டது. அதற்குள் அவருடைய காலம் கடந்துவிட்டது.

பில்கிஸ் எவ்வளவு தூரம் வளர்ந்திருப்பார்? கையின் பதம், தூரம், பார்வை, மாற்றம் என்று நான் எழுதிய எதனாலும் இதற்கு விடை சொல்ல முடியாது. அளப்பதற்கு ஒரு முதல் வருடமே அவருக்குக் கிடைக்கவில்லை.

அன்புள்ள பெற்றோரே, தோழியரே, விளையாட்டானாலும் படிப்பானாலும், ஆரம்பிக்கும் பிள்ளையிடம் ‘எத்தனை எடுத்தாய்?’ என்று மட்டும் கேளாதிருப்போம். எப்படி எடுத்தாள், எதைப் பார்த்தாள், போன மாதத்தைவிட என்ன மாறியிருக்கிறது என்றும் பார்ப்போம். அதற்கு முன்னர் அவள் ஆடுவதற்கு ஒரு களத்தைக் கொடுப்போம். இன்ஷா அல்லாஹ், மிச்சத்தை அவள் ஆட்டமே சொல்லும்.