இமைப்பொழுதில் பிறக்கும் அச்சம்

மெய்ப்பாடுகள் எட்டனுள் ஒன்றாக அச்சத்தை வைத்த தொல்காப்பியர், அது அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறைவன் என்னும் நான்கினால் பிறக்கும் என்று கூறினார். சென்ற ஆண்டு ஒரு மழைநாள் இரவில், விடுதி அறையில், சிறியதொரு மடிக்கணினித் திரையைச் சுற்றி நண்பர்கள் நால்வர் அமர்ந்திருந்தோம். அன்று எங்களை நடுங்க வைத்தது இந்நான்கனுள் எது என்று இன்றும் என்னால் துணிந்து சொல்ல இயலவில்லை. திரையில் நின்றது ஒரு கற்சிலை. அது எவரையும் துரத்தவில்லை, கத்தியை ஓங்கவில்லை, ஒரு முறையேனும் எங்கள் கண்முன் அசையவும் இல்லை. ஆயினும் அன்றிரவு நடைக்கூடத்துக் கோடியிலிருந்த தண்ணீர்க் குழாய் வரை தனியே சென்றுவர எங்களில் ஒருவரும் முன்வரவில்லை!

அசையாத பொருள் எவ்வாறு அச்சுறுத்தும்? இயற்பியல் மாணவனாகிய என்னை இவ்வினா விடவில்லை. மறுநாள் முதல் அந்நாடகத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். அப்போது கண்டவற்றை மாணவ நண்பர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நாடகமும் கதையும்

இங்கிலாந்தின் பி.பி.சி. நிறுவனம் 1963ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் தொடங்கிய அறிவியல் கற்பனைத் தொடர் 'டாக்டர் ஹூ'. 1989இல் நின்றுபோன அது 2005இல் மீண்டும் உயிர்பெற்றது. அதன் ஒரு பகுதியாக 2007ஆம் ஆண்டு ஜூன் 9ஆம் நாள் ஒளிபரப்பானதே 'பிளிங்க்', அதாவது 'இமைத்தல்'. எழுதியவர் ஸ்டீவன் மோஃபட். இயக்கியவர் ஹெட்டி மெக்டொனால்ட் என்னும் பெண்மணி. 2008இல் அறிவியல் புனைவுக்கான ஹியூகோ விருதை இது பெற்றது.

சாலி ஸ்பாரோ என்னும் இளம்பெண் (நடித்தவர் கேரி மல்லிகன்) பாழடைந்த வீடொன்றைப் புகைப்படம் எடுக்கச் செல்கிறாள். அங்கே கண்களைக் கைகளால் மூடி அழுவது போன்ற தேவதைச் சிலைகள் நிற்கின்றன. உண்மையில் அவை சிலைகள் அல்ல. எவரேனும் பார்க்கும்போது கல்லாகிவிடும். பார்வை விலகிய கணத்தில் பாய்ந்து வரும். அவை தீண்டியவர் கடந்த காலத்திற்குத் தள்ளப்படுவர். ஆகவே தப்பும் வழி ஒன்றே: கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டே இருப்பது. தேவர்களை 'இமையார்' என்கிறது நம் மொழி. மனிதராகிய நாமோ இமைத்தே தீரவேண்டியவர்கள். தவிர்க்க முடியாத ஒரு செயலையே ஆபத்தாக மாற்றிவிட்டார் ஆசிரியர்.

வெட்டே அசைவு

இச்சிலைகளில் பெரும்பாலும் தோன்றியவர்கள், உடலெங்கும் சாயம் பூசி அசையாமல் நின்ற நடிகையர். அவர்களை அசையச் சொல்லிப் படம் பிடித்திருந்தால் வேடமிட்ட பெண்கள் நடந்து வருவதாகவே தோன்றியிருக்கும். எனவே அசைவு முழுவதையும் படத்தொகுப்பாளரின் கத்தரிக்கோலிடம் ஒப்படைத்துவிட்டார்கள். முதற்காட்சியில் சிலை தொலைவில், முகத்தை மூடியவாறு நிற்கும். இடையே ஒரு மனித முகம் தோன்றும். மீண்டும் சிலையைக் காட்டும்போது கைகள் இறங்கியிருக்கும். அடுத்த வெட்டில் கோரைப் பற்கள் தெரிய, முகத்தருகே வந்து நிற்கும். நடந்ததை எவரும் காட்டவில்லை. நம் மனமே அதை நடத்திவைத்தது.

இது புதிய தந்திரம் அன்று. 1920ஐ ஒட்டிய காலத்தில் ரஷ்ய இயக்குநர் லெவ் குலெஷோவ், ஒரே முகத்தின் ஒரே காட்சியை வெவ்வேறு காட்சிகளுக்குப் பக்கத்தில் ஒட்டிக் காட்டி, பொருள் என்பது இரு துண்டுகளின் சேர்க்கையில் பிறக்கிறது என்று விளக்கினார். திரைப்படத்தின் வெட்டு கண் இமைப்பைப் போன்றது என்று அமெரிக்கப் படத்தொகுப்பாளர் வால்டர் மர்ச் ஒரு நூலே எழுதியிருக்கிறார். 'பிளிங்க்' அந்த உவமையை உண்மையாக்கிவிட்டது. இங்கே படத்தொகுப்புத்தான் பேய்.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்த்தேன். கண் ஒருமுறை இமைக்க ஏறத்தாழ 0.1 முதல் 0.4 நொடி வரை ஆகிறது. அந்நேரத்தையே மாத்திரை என்று ஒலிக்கு அளவாக வைத்தனர் நம் இலக்கண ஆசிரியர்கள். பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் நொடிக்கு 25 படச்சட்டங்கள். ஆக, ஓர் இமைப்பில் மூன்று முதல் பத்துச் சட்டங்கள் வரை நாம் இழக்கிறோம். வெட்டோ இரு சட்டங்களுக்கு இடையே விழுகிறது. எத்துணை விழித்திருந்தாலும் அதை வெல்ல நம் கண்ணால் ஆகாது.

இன்னொரு நுட்பத்தை மூன்றாம் முறை பார்த்தபோதுதான் கண்டேன். கதை மாந்தர் எவரும் சிலையைப் பார்க்காத வேளையிலும், அது திரையில் இருக்கும் வரை அசைவதில்லை. ஏன்? நாம் பார்த்துக்கொண்டிருக்கிறோம் அல்லவா! பார்வையாளனும் கதைக்குள் காவலாளி ஆகிவிடுகிறான்.

முன்பே அறிந்தவனின் தவிப்பு

சாலியின் தோழி கேத்தி, அடுத்த அறைப் பேச்சைக் கேட்டபடி நிற்கிறாள். அவள் முதுகுக்குப் பின்னே சிலை ஒவ்வொரு வெட்டிலும் நெருங்குகிறது. அவள் அறியாள், நாம் அறிவோம். மேசைக்கடியில் குண்டு இருப்பதைப் பார்வையாளருக்கு முன்னரே சொல்லிவிட்டால், திடீர் வெடிப்பின் சில நொடி அதிர்ச்சி பல நிமிடத் தவிப்பாக வளரும் என்று ஆல்பிரட் ஹிட்ச்காக் விளக்கியதுண்டு. இங்கே குண்டுக்குப் பதில் சிலை. 'திரும்பிப் பார்!' என்று எங்கள் அறையில் ஒருவன் கத்தியே விட்டான்.

ஒளியும் இவ்வாறே பயன்படுகிறது. நிலவறையில் ஒரே ஒரு மின்விளக்கு. சிலை அதை நோக்கி விரலை நீட்டியவுடன் விளக்கு மினுக்குகிறது. விளக்கு அணையும் ஒவ்வொரு முறையும், மாந்தர் இமைக்காவிட்டாலும், அறையே இமைத்துவிடுகிறது. சிலைகள் ஓரடி முன்னேறுகின்றன.

பாதி காட்டும் கலை

இத்தொடருக்கு இக்கலை பிறவியிலேயே வாய்த்தது. 1963 டிசம்பர் 21ஆம் நாள் ஒளிபரப்பான பகுதியின் இறுதியில், பார்பரா என்னும் ஆசிரியை சுவரோடு ஒட்டி அலறுகிறாள். கேமராவே அரக்கனின் கண்ணாக அவளை நெருங்குகிறது. அவ்வரக்கனின் கை மட்டுமே நமக்குத் தெரிகிறது. 'டாலெக்' என்னும் அந்த இயந்திர உருவத்தை முழுமையாகக் காண மக்கள் ஒரு வாரம் காத்திருக்க வேண்டியதாயிற்று! அதன் குரலும் அப்படியே. நடிகரின் பேச்சை 'ரிங் மாடுலேட்டர்' என்னும் மின்கருவி வழியே செலுத்தி, மனிதம் வற்றிய ஒலியாக்கினர். தொடரின் முகப்பிசையை ரான் கிரெய்னர் அமைக்க, டெலியா டெர்பிஷயர் என்னும் அம்மையார் ஒலிநாடாவைத் துண்டு துண்டாக வெட்டி ஒட்டி உருவாக்கினார். ஒலியிலும் கத்தரிக்கோலே வேலை செய்தது.

முழுதும் காட்டினால் என்னாகும்? 2010இல் இதே சிலைகள் வேறொரு கதையில் மீண்டும் வந்தபோது, அவை தலையைத் திருப்புவதைத் திரையிலேயே காட்டினர். அந்த இடத்தில் என் அச்சம் சட்டென்று வடிந்துவிட்டது. அதுவரை என் மனம் செய்துவந்த வேலையைத் திரை பறித்துக்கொண்டது.

அறிவியல் எவ்வளவு?

பார்ப்பதனால் ஒன்று உறைந்துபோகுமா? அணுவுலகில் இதை நினைவூட்டும் ஒரு விளைவு உண்டு. ஓயாது அளவிடப்படும் நுண்துகள் தன் நிலையிலிருந்து மாறத் தயங்கும் என்று 1977இல் மிஸ்ராவும் சுதர்சனும் கணித முறையில் காட்டினர். (ஜார்ஜ் சுதர்சன் பின்னர் சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தின் இயக்குநராகவும் இருந்தார்.) ஆனால் அது அணுவளவில் நிகழ்வது, கற்சிலைக்குப் பொருந்தாது. ஆகவே நண்பர்கள் பூங்காவிற்கு அஞ்சாமல் செல்லலாம்!

அச்சத்தின் வேர்

நுட்பங்கள் இவ்வளவும் விளங்கிய பின் என் அச்சம் போயிற்றா? சிலைகளைப் பற்றிய அச்சம் போயிற்று. வேறொன்று மட்டும் எஞ்சியது.

கதையில் பில்லி என்னும் இளங்காவலன் சாலியிடம் தொலைபேசி எண் கேட்கிறான். சிறிது நேரத்தில் சிலை தீண்ட, 1969க்குப் போய்விடுகிறான். அன்றே அவளுக்கு அழைப்பு வருகிறது. அவள் மருத்துவமனைக்கு ஓடினால், 38 ஆண்டுகளை வாழ்ந்து முடித்த முதியவனாக அவன் படுக்கையில் கிடக்கிறான். வெளியே பெய்வது அவர்கள் சந்தித்தபோது பெய்த அதே மழை. இங்கே பற்களும் இல்லை, இருளும் இல்லை. ஆனால் என்னை மிகவும் கலக்கியது இக்காட்சியே.

காரணம் பின்னர் புரிந்தது. நான் இக்கல்லூரியில் சேர்ந்த நாளில் என் ஆச்சி பேருந்து நிறுத்தம் வரை நடந்து வந்து வழியனுப்பினார். அந்தப் பொங்கலுக்குச் சென்றபோது வாசல் வரை வந்தார். மறு பொங்கலுக்குத் திண்ணையிலிருந்து கையசைத்தார். சென்ற முறை கட்டிலில் இருந்தபடியே, "போயிட்டு வாய்யா" என்றார். ஒவ்வொரு விடுமுறையும் ஒரு காட்சித் துண்டு. இடையில் நடந்ததை நான் பார்க்கவில்லை. முதுமை அசைந்ததை ஒரு முறையும் காணாமல், அது நெருங்கி நிற்பதை மட்டுமே கண்டேன்.

நல்ல அச்சக் கதை வெறும் தந்திரத்தால் நிற்பதில்லை. வெட்டும் ஒளியும் ஒலியும் நம் உள்ளத்தில் முன்பே உறங்கும் ஓர் உண்மை அச்சத்தைத் தட்டி எழுப்புகின்றன. நாம் பாராத வேளையில் காலம் நடந்துவிடுகிறது என்பதே அந்த அச்சம். நுட்பத்தை அறிந்தால் பொய்ப்பேய்க்கு அஞ்ச வேண்டுவதில்லை. மெய்யான அச்சத்திற்கு மருந்து, பார்க்க வேண்டியவரைப் பார்க்க வேண்டிய போதே பார்த்துக்கொள்வதுதான்.

இக்கட்டுரையை மலர்க் குழுவிடம் கொடுத்ததும் ஊருக்குப் பேருந்து ஏறுகிறேன். பொங்கலுக்கு இன்னும் நாளிருக்கிறது, இருந்தாலும் போகிறேன்.