நெஞ்சறைக் குறைபாடுகளும் சத்திரசிகிச்சையும்: மாத்தளைத் தோட்டப்புறத்தை முன்னிறுத்திய சில சிந்தனைகள்

மார்பின் அகலத்தை வீரத்தின் அளவுகோலாகக் கொண்ட இலக்கிய மரபு நம்முடையது. புறத்திணைப் பாடல்கள் போற்றிய மன்னரின் மார்பு வெறும் உடலுறுப்பன்று. ஆளுங் குழுவினரது அதிகாரத்தின் சின்னமுமாகும். அவ்வழகியல் நிலமானிய காலத்துடன் மறைந்துவிடவில்லை. ரத்தோட்டை, எல்கடுவ, உக்குவளை முதலிய மாத்தளைப் பகுதித் தோட்டங்களில், மற்றச் சிறுவர் பீலிக்கரையில் கூடிக் குளிக்கையில் சட்டையைக் கழற்ற மறுத்து ஒதுங்கி நிற்கும் குழிந்த மார்புடைய சிறுவனையும் அது தொடர்கின்றது. அவனது குறை யாது, அது எதனால் விளைந்தது, அதனைத் திருத்தல் கூடுமா ஆகிய வினாக்களை இக்கட்டுரை விளக்க முற்படுகின்றது.

நெஞ்சறையின் முன்புறத்தே மார்புப்பட்டை அமைந்துள்ளது. விலா என்புகள் கசியிழையத்தின் மூலம் அதனுடன் இணைகின்றன. இக்கசியிழையத்தின் வளர்ச்சி முறை பிறழும்போது மார்புப்பட்டை உள்நோக்கி அமிழ்கின்றது. அல்லது வெளிநோக்கித் துருத்துகின்றது. முன்னையது குழிவு மார்பு, பின்னையது புறா மார்பு எனப்படும். குழிவு மார்பே பெருவழக்கு. ஏறத்தாழ 300 முதல் 400 பிறப்புகளுக்கு ஒன்று என்ற அளவில் அது காணப்படுகின்றது. பெண்களிலும் ஆண்களிடத்தே பன்மடங்கு மிகுதி. ஒரே குடும்பத்தில் பலருக்கு அமைதலும் உண்டு. பதின்ம வயதின் விரைந்த வளர்ச்சியில் குழி மேலும் ஆழமாகலாம்.

ஈண்டு ஒரு வேறுபாட்டை வலியுறுத்தல் வேண்டும். 1845இல் எங்கெல்ஸ் இங்கிலாந்துத் தொழிலாளர் நிலையை ஆராய்ந்தபோது, அவர்தம் பிள்ளைகளிடையே பரவியிருந்த என்புமெலிவு நோயையும் சுட்டினார். விற்றமின் டீ குறைவால் விளையும் அந்நோய் விலா என்புகளில் மணிக்கோவை போன்ற புடைப்புகளையும் மார்பில் துருத்தலையும் ஏற்படுத்த வல்லது. போதிய வெயிலும் உணவும் அதனைத் தடுக்கும். ஆயின் பிறவிசார்ந்த குழிவு மார்பை வறுமை உண்டாக்குவதில்லை. துரையின் மகனுக்கும் அது வரும், தொழிலாளியின் மகனுக்கும் வரும். எல்லாத் துன்பத்தையும் நேரடியாகப் பொருளாதாரத்தின் கணக்கில் எழுதிவிடுவது பொருள்முதல்வாதமாகாது. அதேவேளை, தாய் கர்ப்பகாலத்தில் செய்த பிழை, கிரகணத்தின் தீமை என்பன போன்ற நம்பிக்கைகளுக்கும் இங்கு இடமில்லை.

குறை சிறிதாயின் சிகிச்சை வேண்டியதில்லை. பெரிதாயின் இதயம் இடம் பெயர்ந்து நெருக்குண்ணும். மலையேறும்போது இளைப்பு மிகும். நெஞ்சறையின் உள் அகலத்தை, மார்புப்பட்டைக்கும் முதுகெலும்புக்கும் இடையிலான மிகக் குறுகிய தூரத்தால் வகுத்துப் பெறுவது ஹாலர் சுட்டி. இயல்பான நெஞ்சில் அது 2.5 அளவில் இருக்கும். 3.25ஐக் கடந்தால் சத்திரசிகிச்சை பற்றி ஆலோசிப்பது வழக்கம். எனினும் எண் மட்டுமே முடிவு செய்வதில்லை. இதய, நுரையீரற் சோதனைகளும் நோயாளியின் மனவேதனையும் கருதப்படும்.

1949இல் மார்க் ரவிற்ச் விவரித்த முறையில், பிறழ்ந்த கசியிழையங்கள் அகற்றப்பட்டு மார்புப்பட்டை நிமிர்த்தப்பட்டது. அமெரிக்காவின் வேர்ஜீனியா மாநிலத்தில் டொனால்ட் நஸ் 1987இல் தொடங்கி 1998இல் வெளியிட்ட முறையோ கசியிழையத்தை வெட்டுவதில்லை. மார்பின் இருமருங்கிலும் சிறு வெட்டுகளிட்டு, வளைந்த உலோகச் சட்டமொன்றை மார்புப்பட்டையின் கீழே செலுத்தித் திருப்புவர், குழி மேலெழும். ஏறத்தாழ மூன்றாண்டுகளின் பின் சட்டம் அகற்றப்படும். வலி, தொற்று, சட்டம் நழுவுதல், அரிதாக இதயத்திற்கு ஊறு ஆகிய இடர்கள் உண்டு. புறா மார்புக்கோ, வளரும் வயதில் வெளியிலிருந்து அழுத்தும் பட்டி பல வேளைகளிற் போதுமானது.

இனி வர்க்கத்தின் வினா எழுகின்றது. குறை எவருக்கும் வரலாம். திருத்தம் எல்லோரையும் ஒரேவிதமாக அடைவதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களை நாடி மன்னாரிலிருந்து நடந்து வந்தோரின் பாதை மாத்தளை வழியே அமைந்தது. அவர்தம் சந்ததியினரின் உடல்நலம் 1912ஆம் ஆண்டின் வைத்தியத் தேவைகள் கட்டளைச்சட்டம் போன்றவற்றின் கீழ் நெடுங்காலம் தோட்ட நிருவாகத்தின் பொறுப்பாகவே விடப்பட்டது. இன்று மாத்தளை மாவட்டப் பொது வைத்தியசாலையும் கண்டி தேசிய வைத்தியசாலையும் இலவசமாகவே சேவை வழங்குகின்றன. ஆனால் நாட்சம்பளத்தில் வாழும் தாய்க்கு ஒவ்வொரு பயணமும் இழந்த ஒருநாட் கூலியாகும். இலவசம் என்ற சொல் அக்கூலியைக் கணக்கிற் கொள்வதில்லை.

எனவே பாடசாலை மருத்துவப் பரிசோதனையின்போது ஆசிரியரும் தாதியும் அச்சிறுவனின் சட்டைக்குள் மறைந்திருப்பதைப் பரிவுடன் கண்டறிதல் வேண்டும். பன்னிரண்டு வயதிற் கண்டால் எலும்புக்கூடு நெகிழ்ச்சியுடன் இருக்கும், தெரிவுகளும் பல. காலம் கடந்தபின் சிகிச்சை கடினமாகும். அகன்ற மார்பே மாண்பு என்ற பழைய அளவுகோலை அவனுக்கு மீண்டும் வழங்குவது நம் நோக்கமன்று. தடையின்றி மூச்சுவிடவும், கூசாமல் பீலியில் நிற்கவும் அவனுக்குள்ள உரிமையை நிலைநாட்டுவதே நம் கடனாகும்.