ஊரடங்கு நாட்களின் மளிகைச் சீட்டு

2020ஆம் ஆண்டு மார்ச் 24ஆம் நாள் நள்ளிரவு முதல் நாடெங்கும் ஊரடங்கு நடைமுறைக்கு வந்தது. நம் மாநிலத்தில் மளிகைக் கடைகளுக்கு விலக்கு இருந்தபோதிலும், ஏப்ரல் 5 முதல் காலை 6 மணி தொடங்கிப் பகல் 1 மணி வரைதான் கடை திறக்கலாம் என்று நேரம் குறுக்கப்பட்டது. மறு ஆண்டு 2021 மே 24 முதல் அதுவும் நின்றது. மே 31க்குப் பிறகு தொலைபேசியில் சீட்டு வாங்கி, சரக்கை வண்டியில் ஏற்றி வீடு தேடிச் சென்று கொடுத்தோம். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டார வணிகர்கள் பட்ட கஷ்ட நஷ்டங்களை நாம் பலமுறை பேசியாகிவிட்டது. அந்நாட்களில் நம் கைக்கு வந்த மளிகைச் சீட்டுகளைப் பற்றித்தான் பேசவில்லை. வியாபாரிக்கு அவற்றில் படிக்க வேண்டியது நிறைய உண்டு.

டீக்கடைகள் மூடிக் கிடந்தன. பிள்ளைகள் பள்ளி இல்லாமல் வீட்டில் இருந்தனர். வெளியில் வாங்கித் தின்ற பண்டத்தை வீட்டிலேயே செய்து பார்க்கும் ஆர்வம் வந்தது. அடுப்பங்கரைப் பக்கம் போகாதவர்களும் கரண்டி பிடித்தார்கள். செய்து பழகியவர் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டுப் போவார். புதிதாகச் செய்பவரோ, "அண்ணாச்சி, கேக்குக்கு எந்தப் பவுடர் போடணும்?" என்று நம்மைத்தான் கேட்பார். அதற்குச் சரியான பதில் தெரிந்த கடைக்கு அந்த வீடு மறுபடியும் வரும்.

அந்தக் கேள்வியையே எடுத்துக்கொள்வோம். ஆப்ப சோடாவும் பேக்கிங் பவுடரும் ஒன்றல்ல. ஆப்ப சோடா தானாகப் பொங்காது. தயிர், மோர், எலுமிச்சை போன்ற புளிப்பு சேர்ந்தால்தான் வாயு கிளம்பும். பேக்கிங் பவுடரில் சோடாவோடு புளிப்புப் பொருளும் கலந்தே இருப்பதால் ஈரமும் சூடும் போதும். பாலும் சர்க்கரையும் மட்டும் சேரும் மாவுக்கு நாம் ஆப்ப சோடாவை எடுத்துக் கொடுத்தால், கேக் எழும்பாது, சவர்க்கார வாடையும் அடிக்கும். பழி நம் சரக்கின் மேல் விழும். பேக்கிங் பவுடர் ஈரம் பட்டால் வலுவிழந்துவிடும். சந்தேகமிருந்தால் ஒரு கரண்டித் தூளை வெந்நீரில் போட்டுப் பார்க்கலாம். நுரைத்துப் பொங்கினால் நல்ல சரக்கு. ஈஸ்ட்டுக்கு வெதுவெதுப்பான நீரும் கொஞ்சம் சர்க்கரையும் போதும், பத்து நிமிடத்தில் நுரை கட்டிவிடும். இந்தச் சோதனையை நாமே செய்துவிட்டு விற்பது நல்லது. பேக்கிங் பவுடர் டப்பா நம் கடைகளில் அடிக்கடி நகரும் சரக்கல்லவே!

அடுத்தது பால்கோவா. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பண்டம், மறு ஆண்டே ஆண்டாள் கோயிலுக்கு வரும் பக்தர்களும் பஸ் பயணிகளும் இல்லாமல் முடங்கியது. பால் மட்டும் நிற்கவில்லை. மாடு கறக்காமல் இருக்குமா? வாசலுக்கு வந்த பாலை வீடுகளில் வற்றக் காய்ச்சினார்கள். 10 லிட்டர் பசும்பாலுக்கு ஒன்றேகால் கிலோ சர்க்கரை என்பது நம் பகுதியில் நெடுநாள் வழங்கும் கணக்கு. கைவிடாமல் கிண்டினால் மூன்று கிலோ அளவுக்குக் கோவா தேறும். வீட்டில் செய்தவர்கள் பலர், "சர்க்கரை சரியில்லை, கோவா கொஞ்சமாகத்தான் வந்தது" என்றார்கள். குறை சர்க்கரையில் இல்லை. நிறை கொழுப்புப் பாக்கெட் பாலில் 6 சதவீதம் கொழுப்பும் 9 சதவீதம் இதர திடப்பொருளும் உண்டு. சமன்படுத்திய பாலில் 3 சதவீதமும் 8.5 சதவீதமும்தான். நீர் வற்றியபின் மிஞ்சுவது திடப்பொருள்தானே. பால் ஏஜென்சியும் வைத்திருக்கும் மளிகைக்காரர் இதை ஒரு வார்த்தை சொன்னால் போதும், வாடிக்கையாளர் எந்தப் பாக்கெட்டைக் கேட்க வேண்டும் என்று தெரிந்துகொள்வார். சர்க்கரையை முதலிலேயே போட்டால் நிறம் சிவக்கும், பாதி வற்றியபின் போட்டால் இளகிக்கொடுத்து மீண்டும் வற்ற நேரம் பிடிக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லலாம்.

ஊரடங்கு வந்தது கோடையில். வடகம், வத்தல் போடவும் ஊறுகாய் போடவும் அதுவே காலம். ராஜபாளையத்துச் சப்பட்டை மாம்பழத்துக்குப் பேர் உண்டு. தெலுங்கு பேசும் ராஜூக்கள் வீட்டு ஆவக்காய்க்கும் அப்படியே. அதற்கு நான்கு பங்கு மாங்காய்த் துண்டுக்கு மிளகாய்த்தூள், கடுகுத்தூள், உப்பு ஒவ்வொன்றும் ஒரு பங்கு அல்லது சற்றுக் குறைவு, மேலே நிற்கும் அளவுக்கு நல்லெண்ணெய் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு வீட்டுச் சீட்டில் கடுகு கால் கிலோவுக்கு மேல் இருந்தால் அது தாளிக்க அல்ல என்று புரிந்துகொண்டு, ஈரமில்லாத கல்லுப்பும் நல்லெண்ணெயும் வேண்டுமா என்று கேட்பவரே வியாபாரி. ஜவ்வரிசி வாங்குபவரிடம் சீரகம், பெருங்காயம் கேட்பதும் இவ்வகையே.

சமையலுக்கு அப்பாலும் கைவேலை நடந்தது. வீட்டில் தைத்த முகக்கவசம் அணியலாம் என்று மத்திய சுகாதார அமைச்சகம் 2020 ஏப்ரல் தொடக்கத்தில் அறிவுரை வெளியிட்டது. பருத்தித் துணியை இரண்டு மடிப்பாகத் தைப்பது முறை. பக்கத்துச் சத்திரப்பட்டி மருத்துவத் துணிக்குப் பெயர் பெற்ற ஊர்தான். ஆனால் கட்டுத் துணி இடைவெளி விட்டு நெய்யப்படுவது. காயத்துக்கு அது நல்லது, மூக்குக்கு நெருக்கமாக நெய்த துணி வேண்டும். எலாஸ்டிக் கிடைக்காதபோது நாடாவும் நூல்கண்டும் போயின. குக்கர் கேஸ்கட், மிக்ஸி ஜார் புஷ், குழாய் வாஷர், குழாய்க்குச் சுற்றும் டேப் ஆகியவற்றை மளிகைக் கடையில் தேடி வந்தார்கள். நாம் வைத்திருக்கவில்லை. கேஸ்கட்டைப் பழையதைக் கொண்டு வரச் சொல்லி அளவு பார்த்துக் கொடுக்க வேண்டும். டேப்பைக் குழாய் இறுகும் திசையிலேயே சுற்ற வேண்டும், எதிர்த்திசையில் சுற்றினால் முறுக்கும்போது அவிழ்ந்துவிடும். இதை எல்லாம் ஒரு தட்டில் வைத்தால் பெரிய முதல் முடங்காது.

வீட்டில் ஊறுகாயும் கோவாவும் செய்து பழகியவர்களில் சிலர் பிறகு விற்கவும் தொடங்கினார்கள். நம் கடையில் வைத்து விற்றுத் தரச் சொல்லியும் கேட்பார்கள். ஆதரிக்க வேண்டியதுதான். ஆனால் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி வீட்டில் செய்து விற்பவருக்கும் பதிவு அவசியம். பாட்டிலில் செய்த தேதியும் செய்தவர் முகவரியும் பதிவு எண்ணும் இல்லாத சரக்கை அலமாரியில் ஏற்றினால், கேள்வி வரும்போது நாமும் பதில் சொல்ல நேரும். புவிசார் குறியீட்டில் குறித்த எல்லைக்கு வெளியே காய்ச்சிய கோவாவுக்கு ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பெயர் போட்டு விற்பதும் கூடாது. வீட்டுப் பால்கோவா என்று எழுதினால் போதும்.